நம்பிக்கை இடைவெளி இவ்வளவு அகலமாக வந்தால் ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

எல்லோருக்கும் வணக்கம். சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புள்ளியியல் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் 40 பேர், இல்லாத 40 பேர். ரோசன்பர்க் தன்மதிப்பு அளவுகோலில் குழுப் பெண்களின் சராசரி 1.8 புள்ளி அதிகம். மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் இரு பக்கமும் 4. பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லையென்றாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குச் சற்றே கீழே. "புள்ளியியல்படி முக்கியம் என்று நட்சத்திரக் குறி போட்டு முடித்துவிடு" என்கிறார்கள் சிலர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பி மதிப்பு விளைவின் அளவைச் சொல்லாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் தெளிவாக அறிவித்திருக்கிறது.

95% நம்பிக்கை இடைவெளி (கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல், அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு) போட்டேன்: 0.02 முதல் 3.58 வரை. கோஹனின் டி (வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்து வரும் விளைவின் அளவு) 0.45, அதன் இடைவெளி 0.01 முதல் 0.89. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதில் தொடங்கி பெரிய விளைவு வரை எல்லாமே இதற்குள் அடங்குகிறது! இதை 'நடுத்தர விளைவு' என்று எழுதினால் படிப்பவரை ஏமாற்றுவது போலிருக்கிறது. வேறு பிடிமானம் இல்லாதபோதுதான் சிறிய, நடுத்தர, பெரிய விளைவுக்கான 0.2, 0.5, 0.8 எல்லைகளைப் பயன்படுத்தச் சொன்னார் கோஹன்.

வேலை முடிந்த களைப்பிலும் உட்கார்ந்து பதில் சொன்ன பெண்கள் அவர்கள். அவர்கள் தந்த தரவை ஊதிப் பெருக்கவும் கூடாது, வீணாக்கவும் கூடாது.

முடிவுகள் பகுதியில் புள்ளி வித்தியாசத்தை முதலில் வைக்கவா, டி-யையா? குழுவில் சேர்ந்தவர்கள் முன்பே தன்னம்பிக்கை உள்ளவர்களாக இருந்திருக்கலாம் என்பதை எங்கே எழுதுவது? என்னிடம் இருக்கும் எஸ்.பி.எஸ்.எஸ். 26 புள்ளியியல் மென்பொருள் டி-யைத் தருவதில்லை, கையால் கணக்கிட்டேன். ஜமோவி மென்பொருளில் சரிபார்த்தால் போதுமா? வாய்வழித் தேர்வில் இதற்கு வாதாடிய அனுபவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.