முறுக்குக் கணக்கில் விடை 30-ஆ, 31-ஆ?

மாறிலி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததில் இருந்து சோறு இறங்கவில்லை. பி.காம், பொருளாதாரம் படிப்பவர்களுக்கு வகையிடல் (ஒன்று மாறும்போது இன்னொன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று காணும் கணக்கு) எல்லாம் தேவையில்லையாம், கூட்டல் கழித்தல் போதுமாம், வகையிட்டால் தப்பான விடைதான் வருமாம். அதற்குச் சாட்சியாக ஒரு முறுக்குக் கணக்கு வேறு. ப பாக்கெட் போட ஆகும் செலவு ப² + 10ப + 100 ரூபாய். 10 பாக்கெட்டுக்கு 300, 11 பாக்கெட்டுக்கு 331, ஆகவே அடுத்த பாக்கெட்டின் செலவு 31. வகையிட்டாலோ 2ப + 10, அதாவது 30. “பாடப்புத்தகம் ஒரு ரூபாயை விழுங்கிவிட்டது” என்று முடித்திருக்கிறார். பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. வகையிட்டால் வரும் இறுதிநிலைச் செலவு என்பது அந்த இடத்தில் செலவு ஏறும் வேகம், பதினோராவது பாக்கெட்டின் ரசீது இல்லை.

அடக்கவிலை:
அந்த “ஒருவர்” நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். வேகம் வேகம் என்கிறீர்களே, முறுக்கு என்ன பஸ்ஸா? 10 போட்டேன் 300 ஆனது, 11 போட்டேன் 331 ஆனது, கல்லாவை விட்டுப் போனது 31. இருபத்திரண்டு வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன், அடக்கம் தெரியாமல் ஒரு தீப்பெட்டி விற்றதில்லை. 30 என்று நினைத்து விலை வைத்தால் அந்த ஒரு ரூபாயை யார் தருவார், நீங்களா?

மாறிலி:
ஒரு ரூபாய்க்கு இவ்வளவு ஒப்பாரி. சரி, 1000 பாக்கெட்டுக்குப் போங்கள். வகையிட்டால் 2010, உங்கள் கழித்தலில் 2011. 10 பாக்கெட்டில் மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்த பிசகு 0.05 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எந்தப் பெரிய தொழிற்சாலையும் பத்துப் பாக்கெட்டோடு நிற்பதில்லை. குர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் 1838-லேயே ஏகபோக வியாபாரியின் லாபத்தை வகையிட்டுத்தான் கண்டுபிடித்தார். நமக்கு இன்னும் விரல்விட்டு எண்ணுவதே பெருமையாக இருக்கிறது.

அடக்கவிலை:
10-லும் ஒரு ரூபாய், 1000-லும் ஒரு ரூபாய், லட்சம் பாக்கெட் போட்டாலும் அதே ஒரு ரூபாய். சதவீதத்தைக் காட்டி மறைத்தால் ரூபாய் காணாமல் போய்விடுமா?

பின்வரிசை:
பத்தாவது பாக்கெட்டின் செலவு 300 கழித்தல் 271, அதாவது 29. பதினோராவது 31. நடுவே 30 நிற்கிறது. இது தெரியாமலா இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள்? அதை விடுங்கள், எனக்கு வேறு சந்தேகம். அடுப்பு ஏற்கெனவே எரிகிறது, மாவும் பிசைந்தாயிற்று, கூட ஒரு பாக்கெட் போட்டால் செலவு குறையத்தானே வேண்டும், ஏன் ஏறுகிறது?

மாறிலி:
தம்பி, நடுவராக யாரும் கூப்பிடவில்லை. ஆள் போதாமல் கூடுதல் கூலி கொடுத்தால் ஏறும், அது கேள்வியே இல்லை. பாக்கெட் 50 ரூபாய்க்கு விற்கிறது, எத்தனை போட்டால் லாபம் அதிகம்? ஏறும் செலவு விலையைத் தொடும் இடம்வரை போடலாம்: 2ப + 10 = 50, ப = 20, லாபம் 1000 கழித்தல் 700, கையில் 300. ஒரே வரி. அடக்கவிலை அண்ணன் 1-ல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரட்டும், அதற்குள் நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

அடக்கவிலை:
கழித்தாயிற்று. இருபதாவது 49, லாபம். இருபத்தொன்றாவது 51, நட்டம். இருபதோடு நிறுத்து. எனக்கும் அதே 20 வந்துவிட்டதே, உங்கள் வகையிடல் எதற்கு? 50 ரூபாய் ஆகிற பாக்கெட் எது என்று மட்டும் காட்டுங்கள், போதும்.

நூத்துக்குரெண்டு:
முறுக்கை விடுங்கப்பா. முதலில் படிக்க வேண்டியது வட்டிக் கணக்கு. ஒரு லட்சம் கடன், 12 சதவீதம் பிளாட் வட்டி (கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் முழு லட்சத்துக்கும் வட்டி), மாதம் 9,333 வீதம் ஒரு வருடம் கட்டு என்பார்கள். குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது சுமார் 21.5 சதவீதம். இது தெரியாமல் வகையிட்டு என்ன செய்ய? அப்புறம் மாறிலி சார், போன மாதம் 72 விதியை (72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஆகும் வருடங்கள்) சொல்லி, 36 சதவீதக் கூட்டு வட்டியில் இரண்டு வருடத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று எழுதினீர்களே, நான் மறக்கவில்லை. ஒரு லட்சம் 1,84,960 ஆகும், அவ்வளவுதான்.

மாறிலி:
அது மனக்கணக்குக்கான விதி. 8 சதவீதத்துக்கு 9 வருடம் என்று சட்டென்று சொல்ல உதவும். 1494-லேயே பச்சியோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் எழுதி வைத்த விதி. கொஞ்சம் தோராயமாகத்தான் இருக்கும்.

அடக்கவிலை:
அடேயப்பா. உங்களுக்கு 15,040 ரூபாய் “கொஞ்சம் தோராயம்”, எனக்கு ஒரு ரூபாய் “ஒப்பாரி”!

பின்வரிசை:
மார்ஷல் 1906-ல் ஒரு கடிதத்தில், கணக்கைப் போட்டுப் பார், ஆங்கிலத்தில் விளக்கு, அப்புறம் கணக்கை எரித்துவிடு என்று எழுதினார். பொருளாதார மேதையே அப்படிச் சொல்லியிருக்கிறார், சும்மா சொல்கிறேன்.

மாறிலி:
அந்த மார்ஷல் 1865-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம். எரிப்பதற்கு அவரிடம் கணக்கு இருந்தது. உங்களிடம் தீப்பெட்டிதான் இருக்கிறது, அதுவும் அடக்கவிலை அண்ணன் கடையில் வாங்கியது.

அடக்கவிலை:
என் கடைத் தீப்பெட்டியை இழுக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லை. 50 ரூபாய் பாக்கெட் எங்கே? 31-ல் ஒரு ரூபாய் எங்கே?

மாறிலி:
பாக்கெட்டாகவே பார்த்தால் கிடைக்காது, கிராமில் எடை போட்டுப் பாருங்கள். இருபதாவது பாக்கெட் முடிகிற இடத்தில் ஒரு கிராம் கூட்டினால்...

அடக்கவிலை:
கிராம் கணக்கில் முறுக்கு விற்றால் உடைசல்தான் மிஞ்சும். உடைசலுக்கு அடக்கம் போடுவது எப்படி என்று உங்கள் வணிகக் கணிதத்தில் இருக்கிறதா?