முதல் பாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர் ரெண்டாம் பாகத்துல எப்படி உயிரோட வர்றார்? (நிகிதா மிகல்கோவ் படங்கள், உதவி தேவை)

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. ரஷ்யப் படங்கள் எனக்குப் புதுசு. நிகிதா மிகல்கோவோட 'பர்ன்ட் பை த சன்' (1994) பார்த்து ஆடிப்போயிட்டேன். சூட்டோட சூடா அதோட தொடர்ச்சின்னு போட்டிருந்த 'எக்ஸோடஸ்' (2010), 'சிட்டாடெல்' (2011) ரெண்டையும் எடுத்து வச்சு உட்கார்ந்தேன். இப்ப தலையும் புரியலை, வாலும் புரியலை.

முதல் படம் முடியறப்ப திரையில எழுத்து வருது. படைத்தளபதி கோத்தொவை 1936-லயே சுட்டுட்டாங்க, மனைவி மருஸ்யா 1940-ல கைதி முகாம்லயே செத்துட்டா, மகள் நாத்யா மட்டும் பிழைச்சு கஜகஸ்தான்ல இசை ஆசிரியையா இருக்கான்னு. காட்டிக்கொடுத்த மித்யா குளியல் தொட்டியில மணிக்கட்டை அறுத்துக்கிட்டுக் கிடக்கான். அடுத்த பாகத்தைப் போட்டா நாலு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க! போதாக்குறைக்கு மருஸ்யாவோட முகமே வேற.

நடுவுல ஏதாவது பாகத்தை விட்டுட்டேனா? இல்ல என்கிட்ட இருக்கிறது வெட்டுப்பட்ட பிரதியா? முதல் படத்து சப்டைட்டில்ல கடைசி எழுத்தைத் தப்பா மொழிபெயர்த்திருக்காங்களா?

இன்னொண்ணு. 'சிட்டாடெல்'லுக்குக் கிடைச்ச சப்டைட்டில் ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப் போக வசனத்துக்கு முன்னாடியே ஓடுது. வி.எல்.சி-யில ஜி, எச் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் தேஞ்சுதான் மிச்சம்.

ரீல்பெட்டி:

சப்டைட்டிலை முதல்ல முடிச்சிடுவோம், அது சுலபம். உங்க வீடியோ நொடிக்கு 24 சட்டம், அதாவது ஃபிரேம் (சரியாச் சொன்னா 23.976). சப்டைட்டில் கோப்பு 25 சட்டத்துல ஓடற டிவிடி-க்குச் செஞ்சது. அந்த டிவிடி-யில படமே 4 சதவீதம் வேகமா ஓடும். ரெண்டு மணி நேரப் படத்துல கடைசிக்கு வர்றப்ப கிட்டத்தட்ட 5 நிமிஷ வித்தியாசம் வந்துடும். ஜி, எச் ரெண்டும் மொத்தத்தையும் ஒரே அளவுக்குத்தான் தள்ளும், அதனாலதான் ஒரு இடத்துல சரி பண்ணினா அடுத்த இடத்துல கெடுது.

'சப்டைட்டில் எடிட்'னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. கோப்பைத் திறந்து, சட்ட வேகத்தை மாத்தற இடத்துக்குப் போய், 25-லிருந்து 23.976-ன்னு கொடுத்து வேற பேர்ல சேமிங்க. முதல் வசனமும் கடைசி வசனமும் பொருந்துதான்னு மட்டும் பாருங்க, நடுவுல இருக்கறது தானா வந்து சேரும். அப்பவும் பொருந்தலைன்னா உங்க கோப்பு அந்தப் படத்தோட தொலைக்காட்சித் தொடர் வடிவத்துக்கானதா இருக்கலாம். அப்படி ஒண்ணும் வெளிவந்திருக்கு, வெட்டு வேற.

கதைக்கு நான் ஆள் இல்ல. நரோத்னயா அண்ணன் வருவார்.

நரோத்னயா:

வந்துவிட்டேன். தம்பி, உங்கள் பிரதியிலும் குறையில்லை, சப்டைட்டிலிலும் குறையில்லை. நடுவில் படம் எதுவும் இல்லை. 1994-ல் தன் கையால் கொன்றவர்களை 2010-ல் மிகல்கோவே எழுப்பிவிட்டார். அவ்வளவுதான்.

படத்துக்குள் அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார். 58-ஆவது பிரிவு அரசியல் கைதிகளுக்கானது, மரணத்தின் வாசல். முகாமில் இருக்கும் கோத்தொவின் வழக்கு அதிலிருந்து சாதாரணக் குற்றவாளியின் பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. 1941 ஜூனில் போர் வெடித்து ஜெர்மானிய விமானங்கள் குண்டுபோட, அந்தக் குழப்பத்தில் தப்புகிறார், பிறகு தண்டனை பெற்றவர்களை வைத்து அமைத்த தண்டனைப் படையில் சேர்கிறார். மித்யாவைச் சாகவிடாமல் காப்பாற்றி வேலையில் வைத்துக்கொண்டார்கள், பின்னாளில் ஸ்டாலினே அவனை அனுப்பி கோத்தொவைத் தேடச் சொல்கிறார். மருஸ்யா முகம் மாறியதற்குக் காரணம் எளிது. முதல் படத்தில் லித்துவேனிய நடிகை இங்கெபோர்கா தப்குனாய்தே, அடுத்ததில் விக்டோரியா டோல்ஸ்டோகனோவா. நாத்யா மட்டும் அதே ஆள், இயக்குநரின் மகள் நதேஷ்தா. 1995-ல் ஆஸ்கர் மேடைக்கு அப்பாவோடு ஏறிய அதே குட்டிப் பெண்.

ஒன்று கவனியுங்கள். தண்டனைப் படைகளைப் பரவலாக அமைத்தது 1942 ஜூலையில் வந்த 227-ஆம் எண் ஆணைக்குப் பிறகு. படத்தில் கோத்தொவ் 1941 இலையுதிர் காலத்திலேயே அதில் நிற்கிறார். செத்தவர் எழுந்து வரும்போது தேதியையா பார்க்கப்போகிறோம் என்று விட்டுவிட்டார்போலும்.

செக்கோவ்தாசன்:

நரோத்னயா சார் கிண்டலாகச் சொல்கிறார், ஆனால் அந்த இறுதி எழுத்தை அப்படியே நம்பித்தான் ஆகவேண்டுமா? 1930-களின் சோவியத் ஆவணம் எந்தளவுக்கு உண்மை பேசியது? சுட்டுக் கொன்றவரின் வீட்டாரிடம் 'பத்தாண்டு, கடிதத் தொடர்புக்கு உரிமையில்லை' என்று சொல்லி அனுப்பினார்கள். குடும்பம் பத்தாண்டு காத்திருக்கும். 1950-களில் மரணச் சான்றிதழ் கேட்டுப் போனவர்களுக்கு, போர்க்காலத்தில் நிமோனியாவில் இறந்தார், மாரடைப்பில் இறந்தார் என்று பொய்த் தேதியும் பொய்க் காரணமும் எழுதிக்கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் 'சுடப்பட்டார்' என்று காகிதத்தில் இருந்த ஒருவர் உயிரோடு இருந்தார் என்று ஒரு கலைஞன் கற்பனை செய்தால் அது குற்றமா?

நரோத்னயா:

குற்றமில்லை. ஆனால் நீங்கள் சொன்ன பொய்யெல்லாம் ஒரே திசையில் போகிறது, கவனித்தீர்களா? செத்தவனை உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். முதல் படத்தின் அந்த எழுத்துதான் அதை உடைத்து, இவர் செத்தார், இன்ன ஆண்டு செத்தார் என்று சொன்னது. அந்தப் படத்தின் முழு கனமும் அதில் இருக்கிறது. ஒரே ஒரு கோடை நாள். நதியில் குளியல், சமோவார், கால்பந்து, சிரிப்பு. ஸ்டாலினோடு நேரடித் தொலைபேசி இருக்கிறது, என்னை யார் தொடுவார் என்று நம்பிக்கொண்டே காரில் ஏறுகிறார் கோத்தொவ். அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த பதில்தான் அந்த எழுத்து. அதை அழித்துவிட்டு, 'இல்லை, ஸ்டாலின் உன்னைத் தேடுகிறார், உனக்கு ஜெனரல் பதவி தருகிறார்' என்றால் முதல் படம் சொன்னது என்ன ஆவது? ஸ்டாலினின் முகத்தைக் கேக்கில் அழுத்துகிற கனவுக் காட்சியை ஆரம்பத்தில் வைத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்துவிடாது.

வைகைக்கரை:

ரீல்பெட்டி ப்ரோ, சப்டைட்டில் ஓடுது! 25-லிருந்து 23.976, கச்சிதம். கோடி நன்றி.

நரோத்னயா அண்ணா, அப்ப கேள்வி மாறுது. முதல் படத்துக்குக் கேன்ஸ்ல பரிசு, ஆஸ்கர் எல்லாம் கிடைச்சிருக்கு. அவ்வளவு நல்லா முடிச்ச படத்தை எதுக்கு அவரே கலைக்கணும்? யாரும் வேணாம்னு சொல்லலையா?

நரோத்னயா:

சொல்ல யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கோத்தொவாக நடித்தவர் மிகல்கோவ். இயக்குநர் மிகல்கோவ். தயாரிப்பு அவருடைய 'திரி-தே' ஸ்டுடியோ. ரஷ்யத் திரைக்கலைஞர் சங்கத்தின் தலைவர் 1990-களின் கடைசியிலிருந்து மிகல்கோவ். மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவின் தலைவரும் அவரே.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. 1945-ல் மாஸ்கோவில் பிறந்தவர், தாய்வழியில் ஓவியர் சூரிகோவின் கொள்ளுப்பேரன். அப்பா செர்கேய் மிகல்கோவ் சோவியத் நாட்டுப்பண்ணை எழுதியவர். 1944-ல் ஒருமுறை, ஸ்டாலின் பெயரை எடுத்துவிட்டு 1977-ல் ஒருமுறை, ரஷ்யாவுக்காக 2000-த்தில் மறுபடியும். எந்த ஆட்சி வந்தாலும் அந்த வீட்டுக் கூரை ஒழுகவில்லை. நிகிதா முதலில் நடிகராகத்தான் தெரியவந்தார். இயக்குநர் டனேலியாவின் 'ஐ வாக் அரௌண்ட் மாஸ்கோ'வில் சுரங்க ரயில் நிலையத்தில் பாடிக்கொண்டே வருகிற பையன் அவர்தான். அப்புறம் வி.ஜி.ஐ.கே திரைப்படக் கல்லூரியில் மிகயீல் ரோமிடம் இயக்கம் படித்தார்.

1974-லிருந்து சுமார் பத்தாண்டு சோவியத் அரசு ஸ்டுடியோவான மோஸ்பில்முக்காக எடுத்தவற்றைப் பாருங்கள். தன் படங்களில் தனக்கு என்ன வேடம் எடுத்துக்கொண்டார்? 1974-ல் இயக்கிய படத்தில் கொள்ளைக்காரன். 'மெக்கானிக்கல் பியானோ'வில் குடிகார டாக்டர். 'கின்ஃபோக்'கில் உணவு விடுதி சர்வர். ஓரமாக நின்று படத்தைக் கெடுக்காமல் போவார். ஒளிப்பதிவுக்கு லெபெஷெவ், திரைக்கதைக்கும் கலைக்கும் அதபஷ்யான், இசைக்கு அர்தெமியெவ் என்று பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். மேலே ஸ்டுடியோவின் கலைக்குழு வேறு. அது தணிக்கைதான், நல்லது என்று சொல்லமாட்டேன். ஆனால் 'இது வேண்டாம்' என்ற சொல்லை அவர் காதில் போட ஒருவராவது இருந்தார்.

1994-ல் கதாநாயகனே அவர். 1998-ன் 'பார்பர் ஆஃப் சைபீரியா'வில் வெள்ளைக் குதிரையில் வரும் ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் அவர். சர்வரிலிருந்து சக்கரவர்த்தி. 2010-ல் வந்த தொடர்ச்சிக்கு அடித்த சுவரொட்டியில் 'மாபெரும் போரைப் பற்றிய மாபெரும் படம்' என்றே போட்டார்கள். தன் படத்தை மாபெரும் படம் என்று தானே அச்சடிக்கிறவரிடம் யார் போய் என்ன சொல்வது?

செக்கோவ்தாசன்:

இது கொஞ்சம் அநியாயம். 1994 படத்திலும் அவரேதான் நாயகன், அவரேதான் இயக்குநர், தயாரிப்பிலும் அவர் ஸ்டுடியோ இருந்தது. அது எப்படி நன்றாக வந்தது? உங்கள் வாதப்படி அதுவும் விழுந்திருக்க வேண்டுமே.

நரோத்னயா:

நல்ல கேள்வி. அதில் ருஸ்தம் இப்ராகிம்பெகோவ் சேர்ந்து எழுதினார், பிரான்சைச் சேர்ந்த மிஷேல் செய்டூ (Michel Seydoux) கூட்டுத் தயாரிப்பாளர். அதைவிட முக்கியம், நாயகனை அவமானப்படுத்தத் துணிந்தார் மிகல்கோவ். காருக்குள் அடிவாங்கி, ரத்தம் வழிய, குழந்தைபோல் அழுகிற கோத்தொவை அவரே நடித்தார். மித்யாவாக வந்த ஒலெக் மென்ஷிகோவுக்குத் தன்னைவிட நல்ல காட்சிகளை விட்டுக்கொடுத்தார். தொடர்ச்சியில் அந்த மனசு இல்லை.

யாழ்வாசகி:

இடையில் வாறதுக்கு மன்னிக்கவும். இரண்டாம் பாகத்தை மொத்தமாகத் தள்ளிவிடவேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான். கப்பல் மூழ்கின பிறகு நாத்யா கடல் கண்ணிவெடியைப் பிடிச்சுக்கொண்டு மிதக்க, பக்கத்தில மிதக்கிற பாதிரியார் அவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கிற காட்சி. பைத்தியக்காரத்தனம்தான், ஆனா வேற ஆர் அப்பிடி எடுப்பினம்? பனியில இராணுவப் பயிற்சி பெறுற கேடட் பெடியள் டாங்கிகளுக்கு முன்னால நிக்கிற பகுதியும் அப்பிடித்தான். முழுப்படமா விழுந்தது, துண்டு துண்டா நிக்குது.

நரோத்னயா:

கேடட் காட்சிக்கு நானும் கை தூக்குகிறேன் சகோதரி. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் பழைய மிகல்கோவ்.

வைகைக்கரை தம்பி, 'யாரும் சொல்லலையா' என்று கேட்டீர்களே. சொன்னார்கள், வெளியிலிருந்து. 2010 ஏப்ரலில், படம் வெளியான அதே மாதம், 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்ற தலைப்பில் ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. சங்கத்தை அவர் நடத்தும் விதத்தை எதிர்த்து. இயக்குநர்கள் அலெக்சேய் ஜெர்மன், சொகுரோவ் போன்றவர்கள் கையெழுத்திட்டார்கள், தனிச் சங்கமும் கண்டார்கள். கேன்ஸ் போட்டிப் பிரிவில் படம் வெறுங்கையோடு திரும்பியது. இரண்டு பாகத்துக்கும் சேர்த்து செய்தித்தாள்கள் சொன்ன செலவு சுமார் 5.5 கோடி டாலர், வசூல் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்த ஆண்டு 'சிட்டாடெல்'லை ரஷ்யாவின் ஆஸ்கர் படமாகத் தேர்ந்தெடுத்தபோது, தேர்வுக்குழுவின் தலைவர் விளாதிமிர் மென்ஷோவே கையெழுத்துப் போட மறுத்தார். 'மாஸ்கோ டஸ் நாட் பிலீவ் இன் டியர்ஸ்' எடுத்து ஆஸ்கர் வாங்கியவர் அவர். அப்படியும் படம் போனது. பரிந்துரைப் பட்டியலில் வரவில்லை.

கூட்டாளி_7:

புடினுக்கு ஜால்ரா போடற ஆளோட படத்தை எதுக்குப் பார்க்கணும்?

நரோத்னயா:

உக்ரைன் படையெடுப்பை வெளிப்படையாக ஆதரிப்பவர், 2022-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலிலும் சேர்ந்தவர். மறைக்க ஒன்றுமில்லை. பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் முடிவு. இந்த இழையில் கேட்டது கோத்தொவ் எப்படிப் பிழைத்தார் என்று.

வைகைக்கரை:

சரி, இப்ப எதைப் பார்க்கட்டும்? பட்டியல்ல 'சைபீரியேட்'னும் ஒண்ணு இருக்கே.

செக்கோவ்தாசன்:

'சைபீரியேட்' அவர் அண்ணன் எடுத்தது. ஆந்த்ரே கொன்சலோவ்ஸ்கி, அம்மா வழிப் பெயரை வைத்துக்கொண்டதால் பலருக்குக் குழப்பம். நிகிதா அதில் நடிகர் மட்டுமே. நீங்கள் செக்கோவ் நாடகத்திலிருந்து எடுத்த 'மெக்கானிக்கல் பியானோ' (1977)விலிருந்து தொடங்குங்கள். பிறகு ஒலெக் தபகோவ் நடித்த 'ஒப்லோமோவ்'. அதன் படப்பிடிப்பு பருவம் மாறக் காத்திருந்த இடைவெளியில் சும்மா இருக்காமல் 'ஃபைவ் ஈவ்னிங்ஸ்' என்று இன்னொரு படத்தையே முடித்துவிட்டார்கள், நான்கு சுவருக்குள். எனக்கு அதுதான் உசத்தி.

ரீல்பெட்டி:

மூணுமே மோஸ்பில்ம் தயாரிப்பு. அவங்களோட அதிகாரப்பூர்வ யூடியூப் பக்கத்துல முதல்ல தேடுங்க, பழைய படங்களுக்குச் சப்டைட்டிலோடயே போடறாங்க. கோப்பு தேடி அலையவும் வேணாம், சட்டக் கணக்கும் வேணாம்.

வைகைக்கரை:

'ஃபைவ் ஈவ்னிங்ஸ்' இன்னைக்கு ராத்திரி. ஒரே ஒரு கடைசிக் கேள்வி: 'சிட்டாடெல்'ல ஆயிரக்கணக்கான பேர் கையில வெறும் கட்டையோட கோட்டையை நோக்கி நடக்கறாங்களே, அது நெசமாவே நடந்ததா?

நரோத்னயா:

இல்லை தம்பி. அது மிகல்கோவின் கற்பனை. கோட்டை எப்படி விழுகிறது என்று இன்னும் பார்க்கவில்லை என்றால் சொல்லமாட்டேன். ஒரு எலியும் ஒரு சிலந்தியும் வரும், கவனமாகப் பாருங்கள்.