ஜோனாகி பொருவா: எறும்பா, பூச்சியா?

வேர்வேலன்: அசாமில் மின்மினிக்கு ‘ஜோனாகி பொருவா’ என்று பெயராம், அதாவது ‘நிலவு எறும்பு’, என்ன கவித்துவம் என்று நேற்று ஒருவர் உருகியிருந்தார். ஐயா, அங்கே பொருவா எறும்பே அல்ல, பூச்சி. அகராதியைப் புரட்டிவிட்டு உருகலாம்.

நல்பாரி மாப்பிள்ளை: உருகியது நான்தான். ஆறு வருடம் குவாஹாட்டியில் இருந்தவன், பெண் எடுத்தது நல்பாரியில். சர்க்கரை டப்பாவில் ஏறுவதைப் பார்த்து என் மாமியார் “பொருவா!” என்று கத்துகிறார். மின்மினியா ஏறுகிறது?

வேர்வேலன்: எறும்பும் உண்டு, சரி. ஆனால் பொதுவாகப் பூச்சிகளை ‘போக்-பொருவா’ என்கிறார்களே, அது?

நல்பாரி மாப்பிள்ளை: நாமும்தான் ‘பூச்சி பொட்டு’ என்கிறோம். பொட்டு பூச்சியாகிவிட்டதா? பொருவா எறும்பு.

சும்மா வந்தவன்: பொருவாவின் கடைசியில் இருப்பது -உவா விகுதி இல்லையா? கொர் என்றால் வீடு, கொருவா என்றால் வீட்டைச் சேர்ந்தது.

வேர்வேலன்: அப்படியானால் ‘பொர்’ எது? பொர் என்றால் பிறர். எறும்பு பிறத்தியார் வீட்டுச் சொத்தா?

நல்பாரி மாப்பிள்ளை: விகுதி கிடக்கட்டும், எறும்பு எறும்புதான். ஜோனாகி அங்கே பெயரடை. ஜோனாகி ராதி, நிலா வெளிச்ச இரவு. வங்காளத்தில்தான் வெறும் ஜோனாகியே மின்மினி. 1889-இல் கல்கத்தாவில் அசாமிய மாணவர்கள் தொடங்கிய ‘ஜோனாகி’ பத்திரிகையின் பெயரும் நிலவொளிதான்.

வேர்வேலன்: பத்திரிகையை யார் கேட்டது? நல்பாரிப் பக்கம் முதல் அசையை அழுத்தி நடு உயிரை விழுங்கிவிடுவார்கள். உங்கள் மாமியார் பேச்சு பொது அசாமியத்துக்குச் சான்றாகாது.

நல்பாரி மாப்பிள்ளை: ஓஹோ, மேல் அசாமின் சிவசாகர் பேச்சுதான் மொழி, நல்பாரி இருக்கும் கீழ் அசாம் பேசுவது கொச்சையா? 1846-இல் மிஷனரிகள் சிவசாகரில் ‘ஒருநோதய்’ பத்திரிகையை அச்சடித்ததால் அந்தப் பேச்சு எழுத்தில் ஏறிக்கொண்டது. அசாமிய மொழி வரலாற்றை 1941-இல் எழுதிய பாணிகாந்த காகதி கீழ் அசாமின் பர்பேட்டாக்காரர், தெரியுமா?

வேர்வேலன்: காகதி உங்கள் மாமியாரைக் கேட்டா எழுதினார்? போன மாதம் மாநிலத்தின் பெயரை எப்படிச் சொல்வது, ‘அசாமா, ஒஹோமா’ என்ற சண்டையிலும் இதே மாமியார்தான் சாட்சி.

சும்மா வந்தவன்: மின்மினி வண்டினம். எறும்பே இல்லை.

நல்பாரி மாப்பிள்ளை: உயிரியல் வகுப்புக்கு வேறு இடம் பாருங்கள். பொஹாக் பிஹுவுக்கு, அதாவது அசாமியப் புத்தாண்டுக்கு, ஆம்ரலி பொருவா முட்டையை வறுத்துத் தின்றவன் நான். நம்மூர் முசுறுதான் அது. எறும்பு!

வேர்வேலன்: எந்தப் பொருவா என்று சொல்ல முன்னால் ஆம்ரலி தேவைப்படுகிறது, பார்த்தீர்களா?

நல்பாரி மாப்பிள்ளை: கட்டெறும்பு என்கிறோமே, அதனால் எறும்பு பூச்சியாகிவிட்டதா? இருங்கள், மாமியாருக்கே போன் போடுகிறேன்.

வேர்வேலன்: அப்படியே ‘பொர்’ என்றால் என்ன என்றும் கேளுங்கள்.

நல்பாரி மாப்பிள்ளை: விகுதியை இழுத்தது நானா? சும்மா வந்தவரைக் கேளும்.