அக்காவுக்கு என்ன படம் போடறது

வெள்ளி, காலை 9:10

கீதா: அம்மாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க. பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வயித்துல 4 சின்னத் தையல். 2 வாரம் வீட்டுல ரெஸ்ட். அவங்க ரூம்ல டிவி இருக்கு, ஆனா நெட் எடுக்காது. யாராவது பென் டிரைவ்ல படம் போட்டுக் கொண்டு வாங்க. பழைய காதல் படம், பாட்டு நிறைய இருக்கறதா. அழற படம் வேணாம்.

வித்யா: 🙏🙏

பாலு: நல்ல சேதி

லலிதா: அண்ணிகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு கீதா

செந்தில்: எத்தனை ஜிபி பென் டிரைவ்க்கா?

கீதா: 32

வித்யா: மைக்கேல் மதன காமராஜன் போடுங்க. அத்தைக்கு வசனம் முழுக்க மனப்பாடம்

மூர்த்தி: வேணாம். முதல் வாரம் அது கூடவே கூடாது. இருங்க, விவரமா எழுதறேன்.

பாலு: எழுதுங்க அண்ணே, காத்திருக்கோம்

மூர்த்தி: வயித்துல ஆபரேஷன் ஆனவங்களுக்கு இருமல், தும்மல், சிரிப்பு மூணும் ஒண்ணுதான். மூணுலயும் வயித்துத் தசை சட்டுனு இறுகும், தையல் போட்ட இடம் சுருக்குனு இழுக்கும். அதனால முதல் வாரம் புன்னகை வரலாம், விழுந்து விழுந்து சிரிப்பு வரக்கூடாது. காதலிக்க நேரமில்லை போடலாம், ஆனா நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற இடம் வந்ததும் தாண்டிவிட்டுடணும். ரெண்டாவது வாரம் அதையும் பார்க்கட்டும். எப்பவும் கைக்கு எட்டற தூரத்துல ஒரு சின்னத் தலையணை இருக்கணும். சிரிப்பு முட்டிக்கிட்டு வந்தா அதை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா இழுப்பு அவ்வளவா தெரியாது.

வித்யா: பேய்க்கதை இல்லாம காதலிக்க நேரமில்லையா?? பெரியப்பா!!

லலிதா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) எச்சரிக்கை!! ஆபரேஷன் ஆனவர்கள் சிரித்தால் தையல் பிரிந்துவிடும்...

கீதா: அத்தை, இந்த குரூப்ல அம்மாவும் இருக்காங்க. நான் டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன், அவங்க சிரிச்சா வலிக்கும், அவ்வளவுதான்னு சொன்னாங்க.

லலிதா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

லலிதா: சாரிம்மா

வித்யா: சரி, அலைபாயுதே?

மூர்த்தி: பாட்டு எல்லாம் தங்கம். ஆனா கதையே அவன் அவளைத் தேடி அலையறதுலதான் ஆரம்பிக்குது. அவ விபத்துல அடிபட்டு ஐசியூல கிடக்கறா. ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் வந்தவங்களுக்கு அந்த மானிட்டர் சத்தம் எதுக்கு?

வித்யா: கடைசில கண்ணு முழிச்சிடுவாளே

மூர்த்தி: ஆறுதலுக்குப் படம் எடுக்கறப்ப எல்லாரும் முடிவை மட்டும்தான் பார்க்கறோம், சுபமா இல்லையான்னு. அது போதாது, நடுவுல என்ன வருதுன்னு பார்க்கணும். ஹம் ஆப்கே ஹைன் கௌன் (1994) எடுத்துக்கோ. 14 பாட்டு, வீடு முழுக்கக் கல்யாணக் களை, முடிவும் சுபம். ஆனா நடுவுல அக்கா மாடிப்படியில உருண்டு செத்துப்போறா. பாதி மயக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கு அந்த இடம் வந்து விழுந்தா, அப்புறம் வர்ற எந்தப் பாட்டும் மனசுல ஏறாது. மௌன ராகம் (1986) அப்படித்தான். ஸ்டேஷன்ல சேர்ந்துடுவாங்க, ஆனா நடுவுல கார்த்திக்.

கீதா: ஆமா கார்த்திக் 😢

பாலு: அப்ப நெஞ்சில் ஓர் ஆலயம் போட்டுடலாமா. படம் முழுக்க ஆஸ்பத்திரிதான்

மூர்த்தி: பாலு, விளையாடாதே.

செந்தில்: லிஸ்ட் எழுதுங்கப்பா. நான் இன்னிக்கே போடணும்

மூர்த்தி: முதல் படம் மிஸ்ஸியம்மா (1955). வேலைக்காகப் புருஷன் பொண்டாட்டியா நடிக்கறாங்க, ஜெமினியும் சாவித்திரியும். யாரும் யாரையும் அழ வைக்கறதில்ல. சாவித்திரி கோபப்படறதே அழகா இருக்கும். ஏ.எம். ராஜா, பி. லீலா குரல் காதுக்கு இதமா இருக்கும், அப்படியே தூங்கிப்போனாலும் நஷ்டமில்ல. அடுத்தது அன்பே வா (1966). தன் சொந்த பங்களாவுலயே வாடகைக்கு இருக்கற பணக்காரன் கதை, பயப்பட ஒண்ணுமில்ல, ஒரு குஸ்தி மட்டும் வரும். அப்புறம் சவுண்ட் ஆஃப் மியூசிக்.

செந்தில்: அது 174 நிமிஷம்

மூர்த்தி: ஒரே மூச்சுல பார்க்கவே கூடாது. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடக்கட்டும், டாக்டரும் நடக்கத்தானே சொல்லியிருப்பாங்க. எங்க நிறுத்தறதுங்கறதுதான் முக்கியம். படத்துலயே இன்டர்வெல் விடற இடத்துல நிறுத்தினா தப்பு, மரியா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டுப் போறதோட நிக்கும். மனசு கனத்துத்தான் தூங்குவாங்க. பசங்க எல்லாம் மரியா பின்னாடி டோ ரே மி பாடிக்கிட்டு ஊர் சுத்தற பாட்டோட முதல் நாள் நிறுத்துங்க. அடுத்த நாள் கண்ணாடி மண்டபத்துல மரியாவும் கேப்டனும் மனசு விட்டுப் பேசற வரைக்கும் ஓடட்டும். அந்த இடத்துல முகம் தெரியாது, நிழலுருவம் மட்டும்தான். லைட் போட்ட சத்தத்துக்கு மரியாவா நடிச்ச ஜூலி ஆண்ட்ரூஸுக்குச் சிரிப்பு அடக்க முடியலயாம், அதனால இருட்டாவே எடுத்துட்டாங்க. பார்க்கறவங்களுக்கு அது எவ்வளவு நெருக்கமா வந்திருக்கு பாருங்க.

பாலு: அந்த டிவிடில சுருதி ஏறியிருக்கு. போடாதீங்க

செந்தில்: எப்படி சித்தப்பா?

பாலு: படம் எடுத்தது செகண்டுக்கு 24 ஃப்ரேம். பால் (PAL)ங்கற டிவி முறைக்குப் போட்ட டிவிடில 25ஆ ஓட்டறான். 4 சதவீதம் வேகம். பாட்டு அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா மேல போயிடும். 174 நிமிஷப் படம் 167லயே முடிஞ்சிடும். கூடப் பாடினா தொண்டைக்குத் தெரியும்

கீதா: பாலு மாமா, அந்த டிவிடி பெட்டி உங்ககிட்டயா இருக்கு?

லலிதா: 2 வருஷமா தேடறோம்

பாலு: அக்காதான் குடுத்தாங்க. பத்திரமா இருக்கு

மூர்த்தி: என்கிட்ட இல்லைன்னு சொன்னியே.

பாலு: நீங்க கேட்டது கேசட் பெட்டி அண்ணே

செந்தில்: பெட்டி கிடைச்சதே நல்லது. சித்தப்பா, அதுல மிஸ்ஸியம்மா, அன்பே வா இருக்கா? சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்

பாலு: இருக்கு. தில்லானா மோகனாம்பாளும் இருக்கு

கீதா: அதுலயும் ஆஸ்பத்திரி வருதே மாமா. நர்ஸ் கூட வருவாங்க

மூர்த்தி: வருது. ஆனா அதைத் தள்ள எனக்கு மனசு வரல. காயம் பட்டவரைப் பார்த்து பத்மினி ஆடிக்கிட்டே நலம் விசாரிக்கற பாட்டு இருக்கே, அதுக்கு மேல ஆறுதல் சினிமாவுல உண்டா? சபை நடுவுல வாய் விட்டுக் கேட்க முடியாது, அதனால கண்ணால கேட்கறாங்க. சிவாஜிக்குக் கண்ணு கலங்குது. அவர் நாயனம் வாசிக்கற மாதிரி நடிக்கறப்ப கன்னம் உப்பறது, தொண்டை நரம்பு ஏறி இறங்கறது, விரல் எல்லாம் சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் வாசிச்ச வாசிப்போட ஒட்டிப் போகும். அந்தப் பாட்டை மட்டும் தனியா வெட்டி ஒரு ஃபைலா போடு செந்தில்.

பாலு: இது சரி அண்ணே. அக்காவுக்கு அது ஒண்ணு போதும்

வெள்ளி, இரவு 8:40

செந்தில்: பெட்டி வந்தாச்சு. பென் டிரைவ்ல முதல்ல காப்பி ஆகல. ஃபைல் அடுக்கற முறை எஃப்ஏடி32ல இருக்கு, அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் நிக்காது. சவுண்ட் ஆஃப் மியூசிக் எச்டி அதைத் தாண்டிடுச்சு

கீதா: எனக்குப் புரியல. நான் என்ன பண்ணணும்?

செந்தில்: ஒண்ணும் வேணாம்க்கா. எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தினா நிக்கும், ஆனா பழைய டிவி அதைப் படிக்காம போகலாம். என்டிஎஃப்எஸ் நிறைய டிவி படிக்கும். உங்க டிவி எத்தனை வருஷம்?

கீதா: 9, 10 இருக்கும்

செந்தில்: அப்ப எஃப்ஏடி32லயே விட்டுடறேன், படத்தைச் சின்னதாக்கறேன். டிவிடி ஃபைலை அப்படியே போடக்கூடாது, 1 ஜிபி 1 ஜிபியா துண்டா இருக்கும், பாட்டு நடுவுல அறுந்து அடுத்தது தேடணும். ஹேண்ட்பிரேக்ங்கற சாஃப்ட்வேர்ல ஒரே எம்பி4 ஃபைலா மாத்தறேன். வீடியோவை அமுக்கற முறை எச்.264, புது முறை எச்.265 வேணாம், பழைய டிவில அது ஓடாம போகலாம். சத்தம் ஏஏசி முறையில, ரெண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ

வித்யா: ஏன் ஸ்டீரியோ? ஆறு ஸ்பீக்கர் 5.1 நல்லா இருக்குமே

செந்தில்: டிவில ரெண்டு ஸ்பீக்கர்தான். 5.1ஐ அதுல அமுக்கினா பேசறது முணுமுணுன்னு கேக்கும், பாட்டு வந்ததும் வீடே அதிரும். படுத்துக்கிட்டு ரிமோட்டை ஏத்தி இறக்கிட்டே இருக்கணும். சத்தம் டிடிஎஸ்ங்கற முறையில இருந்தா சில டிவில படம் வரும், சத்தமே வராது

மூர்த்தி: ரொம்பச் சரி. கீதா, நீ டிவில ரெண்டு விஷயம் பார்க்கணும். பிக்சர் செட்டிங்ல மோஷன் ஸ்மூத்திங் மாதிரி ஏதாவது இருந்தா அணைச்சுடு. அது நடுவுல இல்லாத ஃப்ரேமைத் தானா செஞ்சு சேர்க்கும், ஆட்டம் எல்லாம் வழுக்கிக்கிட்டு சீரியல் மாதிரி தெரியும். இன்னொண்ணு திரை அளவு. மிஸ்ஸியம்மா சதுரமான படம், 4:3. அகலமா இழுத்தா சாவித்திரி முகம் உப்பிப்போகும். ஜூம் பண்ணினா மேலயும் கீழயும் வெட்டிடும். ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்தா இருக்கட்டும். சிங்கிங் இன் தி ரெயின் (1952) போடறதா இருந்தா இது இன்னும் முக்கியம். ஜீன் கெல்லி மழைத் தண்ணியில காலால தாளம் போடறதுதான் அந்தப் பாட்டே. ஜூம் பண்ணின டிவில கால் இருக்காது, தொப்பியும் இருக்காது. 103 நிமிஷம்தான், ஒரு சாயந்திரத்துல முடிஞ்சிடும்.

கீதா: அம்மாவுக்கு இங்கிலீஷ் வேகமா போனா புரியாது மாமா

செந்தில்: தமிழ் சப்டைட்டில் ஃபைல் இருக்கு. ஆனா அதை டிவிய நம்பி விட முடியாது. ஃபைல் யுடிஎஃப்-8ங்கற எழுத்து முறையில இல்லைன்னா எழுத்து கேள்விக்குறியா வரும், சரியா இருந்தாலும் டிவில தமிழ் எழுத்துரு இல்லைன்னா கட்டம் கட்டமா வரும். படத்து மேலயே பதிச்சுடறேன்

பாலு: சப்டைட்டில் 25 ஃப்ரேம் காப்பிக்கு எழுதினதா பாரு

செந்தில்: ஆமா சித்தப்பா, அதான் தலைவலி. ஆரம்பத்துல சரியா இருக்கு, ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம் முந்திடுது. முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தா விஎல்சி ப்ளேயர்ல ஜி, எச் கீயை அமுக்கி நகர்த்திடலாம். இது போகப் போக விலகுது. வேகத்தையே மாத்தி எழுதணும்

வித்யா: நான் பண்ணித் தரேன், அனுப்பு

லலிதா: ராத்திரி யார் தங்கறதுன்னு யாருமே கேட்கல

பாலு: ஞாயிறு நான்

மூர்த்தி: ஞாயிறு மட்டுமா?

பாலு: அம்மா படுத்திருந்தப்ப 3 மாசம் யார் இருந்தது அண்ணே

கீதா: மாமா, ரெண்டு பேரும் படத்தைப் பத்தியே பேசுங்க. ராத்திரிக்கு நான் இருக்கேன்.

லலிதா: திங்கள், செவ்வாய் நான் வரேன்

வித்யா: 96 போடலாமா? பாட்டு ரொம்ப மெதுவா இருக்கும்

மூர்த்தி: வேணாம்மா. நல்ல படம், ஆனா அவங்க பிரிஞ்சு போறாங்க.

வித்யா: எனக்கு அதுதான் ஆறுதலா இருக்கும் பெரியப்பா. அழுதுட்டா லேசாயிடும்

மூர்த்தி: அதுவும் உண்மைதான். ஆனா விக்கி விக்கி அழுதாலும் அதே வயித்துத் தசைதான் இறுகும்.

கீதா: அம்மா போனை வாங்கி எல்லாத்தையும் படிச்சுட்டாங்க. டைப் பண்ண முடியல, சொல்லச் சொல்ல நான் எழுதறேன்:

"மூர்த்தி, பேய்க்கதையைத் தாண்டாதே. தலையணையை நான் பிடிச்சுக்கறேன். நாகேஷ் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு என்ன வரும்னு தெரியும், திடீர்னு சிரிப்பு வராது. நெஞ்சில் ஓர் ஆலயமும் வேணும். ஆஸ்பத்திரின்னா பயமா? அந்த டாக்டர் கடைசில என்ன ஆவார்னு 20 தடவை பார்த்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்ச படம் பயமுறுத்தாது. புதுசா எதையும் போடாதீங்க, யாரு யாருன்னு நினைவு வெச்சுக்கத் தெம்பு இல்ல. பாலு, பெட்டியில என் மிஸ்ஸியம்மா டிவிடி கீறாம இருக்கா?"

பாலு: கீறல் இல்லக்கா. ஈரத்துணியால கூடத் துடைக்கல

வித்யா: அத்தை ❤️❤️

மூர்த்தி: அக்கா சொல்றதுல நியாயம் இருக்கு. நான் இந்தக் கோணத்துல யோசிக்கல. நாகேஷ் காட்சி இருக்கட்டும் செந்தில். ஆனா நெஞ்சில் ஓர் ஆலயம் ரெண்டாவது வாரம் அக்கா, தயவுபண்ணி.

கீதா: "பார்க்கலாம்"னு சொல்றாங்க

செந்தில்: நெஞ்சில் ஓர் ஆலயம் பெட்டில இல்லையே சித்தப்பா

பாலு: அது கேசட்லதான் இருந்தது

மூர்த்தி: அந்தக் கேசட் பெட்டி எங்க?

லலிதா: நம்ம பரண்ல இருக்கோ என்னமோ. நாளைக்குப் பார்க்கறேங்க

செந்தில்: கேசட் இருந்தாலும் ஓட்ட ப்ளேயர் இல்லம்மா

செந்தில்: கீதாக்கா, ஃபைல் பேர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல 01, 02ன்னு ஆரம்பிக்கும். டிவி அந்த வரிசையிலதான் காட்டும். 01 மிஸ்ஸியம்மா. 02 நலம் விசாரிக்கற பாட்டு, 03 அன்பே வா. நிறுத்தின இடத்தை டிவி ஞாபகம் வெச்சுக்குமான்னு தெரியல, நிமிஷத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க

கீதா: 02 முதல்ல வரட்டுமாம், அம்மா சொல்றாங்க

செந்தில்: சரி மாத்தறேன். டிவில யூஎஸ்பி ஓட்டை பக்கத்துலயா, பின்னாடியா? சுவத்தோட ஒட்டி மாட்டியிருந்தா பென் டிரைவ் உள்ள போகாது, ஒரு சின்ன நீட்டிப்பு வயர் வேணும்

கீதா: பின்னாடின்னு நினைக்கறேன். நாளைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்

பாலு: வயர் என்கிட்ட இருக்கு

மூர்த்தி: அதையும் பத்திரமா வெச்சிருக்கியா. கொண்டு வா, நானும் ஞாயிறு வரேன்.