ஹெல்மெட் சோதனையில் முத்திரைத் தகராறு: என்ன செய்தீர்கள்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். சோதனையில் நிறுத்திய காவலர் என் ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் தர ஸ்டிக்கர் இல்லை, இது செல்லாது என்றார். என்னுடையது ஈசிஇ 22.06 என்ற ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம், எங்கள் சட்டம் ஏற்பதுதான். அதன் முத்திரை தாடைப் பட்டையில் தைத்த சின்னத் துணியில் இருக்கிறது: வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்து, பக்கத்தில் ஒரு எண். காட்டினேன், அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பட்டையை மாட்டாமல் ஹெல்மெட்டைச் சும்மா கவிழ்த்து வந்தவரையோ கையசைத்து அனுப்பினார்கள். விழுந்தால் முதலில் கழன்று ஓடுவது அதுதானே!

சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஹெல்மெட் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும், இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சோதனை நடக்கட்டும், ஆனால் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

இப்படிச் சோதனையில் மாட்டிக்கொண்டவர்கள் வாக்குவாதம் வராமல் எப்படி விளக்கினீர்கள்? தர விதியின் நகலை போனில் காட்டினால் எடுபடுமா? அபராதச் சீட்டை எதிர்த்து எழுதி ரத்து செய்ய வைத்தவர் யாராவது உண்டா? அப்புறம், நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றுவீர்களா, சொல்லும்வரை காத்திருப்பீர்களா?