மறு: "வகைமாதிரி" வேண்டாம், "பெயர்ச்சான்று" என்போமா?

வணக்கம். ஓர் உயிரினத்துக்கு அறிவியல் பெயர் வைக்கும்போது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கும் உருப்படியை ஆங்கிலத்தில் "டைப் ஸ்பெசிமன்" என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் அண்ணா எழுதியதற்கு இது பதில்.

> "டைப் ஸ்பெசிமன்" என்பதற்கு "வகைமாதிரி" போதுமே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணா, ஆனால் பிழையாக விளங்கும். "மாதிரி" என்றதும் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள், அந்த இனத்தின் இயல்புகளை எல்லாம் ஒருங்கே காட்டும் சிறந்த உருப்படி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் வேலையோ ஒரு பெயரை ஒரு பொருளோடு கட்டிவைப்பது மட்டும். பூ உதிர்ந்த நோஞ்சான் கிளையாகக்கூட இருக்கலாம். நாளைக்கு ஒருவர் அந்த இனத்தை இரண்டாகப் பிரித்தால், இந்தக் கிளை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கே பழைய பெயர்.

மனித இனத்தையே பாருங்கள். 1758இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்த இயற்கையியலாளர் லின்னேயஸ் எந்த உருப்படியையும் குறிக்கவில்லை. 1959இல் ஸ்டேர்ன் என்ற தாவரவியலாளர் லின்னேயஸையே அந்த இடத்தில் வைத்தார். உப்சாலா தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் சுவீடன்காரர் நமக்கெல்லாம் "மாதிரி" என்றால் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சிரிப்பார்கள்.

தென்னைக்கு (யாழ்ப்பாணத்தான் பனையைத்தான் சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்) ஒரு காய்ந்த ஓலைகூட இல்லை. மலபார்த் தாவரங்களைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற நூலின், 1678இல் வெளிவந்த முதல் தொகுதியின் படங்கள்தாம் அதன் ரைப் (டைப்). படத்தை எப்படி "மாதிரி" என்பது? "சான்று" என்றால் படமும் அடங்கும்.

இந்தப் பேச்சில் தங்கச்சி ஒருவர் சொன்ன "பெயர்தாங்கி" கருத்தளவில் மிகச் சரி. விலங்கியல் பெயரீட்டு விதிகளும் அப்படித்தான் பேசுகின்றன. ஆனால் வழக்கில் அது பெயருக்கு மட்டும் இருப்பவர் என்ற ஏளனமாகிவிட்டதே! ஒலிபெயர்ப்பும் சரிவராது: இங்கே "ரைப்", சென்னையில் "டைப்", தொடக்கத்திலேயே இரண்டு எழுத்துக்கூட்டல்.

ஆகவே "பெயர்ச்சான்று". விதானையார் (கிராம அலுவலர்) தரும் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது என்பீர்கள், வரட்டும். கிளைச்சொற்கள் இலேசாகப் பிறக்கின்றன: பெயரிட்டவரே குறித்த ஒன்று தனிச்சான்று. தாவரவியலில் அந்தத் தனிச்சான்றோடு அதே சேகரிப்பில் எடுத்த இன்னொரு பிரதி இணைச்சான்று. பெயரிட்டவர் பயன்படுத்திய மூலப்பொருள்களிலிருந்து பின்னால் வந்தவர் தெரிந்தெடுத்தது தெரிசான்று; தென்னைப் படங்கள் இந்த வகை. மூலம் முழுதும் அழிந்தபின் நியமித்தது மாற்றுச்சான்று.

தனிச்சான்று எதையும் குறிக்காமல், பல உருப்படிகளை வைத்து ஒருவர் பெயரிட்டிருந்தால் அவை எல்லாம் சின்ரைப். அதற்குக் "கூட்டுச்சான்று" என்பதுதான் எனக்கு வருகிறது, அவ்வளவு திருப்தியில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.