கோத்தகிரிப் பாட்டியும் கழுத்தில் விழுந்த பச்சையும்

கொழுந்து பறிக்கிற வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி, நான் எண்ணெய் வண்ணத்தில் வரையும் உருவப்படத்துக்காக உட்கார ஒப்புக்கொண்டார். மலையகத் தமிழரைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். வடக்கு பார்த்த திண்ணை, எதிரே தேயிலைச் சரிவு. வெயில் நேராக முகத்தில் விழாது, நிழலும் அவ்வளவாக இடம் மாறாது.

மூடுபனி இறங்கினால்தான் சிக்கல். மூக்கடி நிழலும் கன்னக் குழியும் கரைந்துபோகும். அந்த நேரத்தில் முகத்தைத் தொடவே மாட்டேன். புடவை, தலையில் கட்டிய துண்டு என்று போய்விடுவேன்.

முதலில் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பை, வண்ணத்தை இளக்கும் டர்பெண்டைனில் கரைத்து நிழல்களை மட்டும் போட்டேன். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் குளிரிலும் சீக்கிரம் காயும். மேலே வரும் வெள்ளை கலந்த நிறங்கள் அப்படியில்லை. எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. குளிர் அதை மெதுவாக்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் தாண்டியும் விரலில் ஒட்டும்.

தாடைக்கு அடியில் வந்தபோதுதான் பேச்சே வந்தது. தேயிலைமேல் வெயில் அடித்தால் அந்தப் பச்சை அவர் கழுத்தில் ஏறும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்த நிழலில் விரிடியன் பச்சை துளி சேர்த்தேன். பாட்டி எழுந்து வந்து பார்த்தார். "என்ன தம்பி, கழுத்துல மருந்து பட்ட மாதிரி இருக்கு?"

கையில் கண்ணாடியைக் கொடுத்து அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். தாடையைத் தூக்கி, இறக்கி, திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா, பச்சைதான். இத்தனை வருசம் தோட்டத்துல நின்னிருக்கேன், ஒருத்தரும் சொல்லலையே!"

தோல் நிறம் என்று டியூபில் விற்கிற இளஞ்சிவப்பை வாங்கவே வேண்டாம் என்பேன். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாட்டியின் நெற்றி மினுப்பில் வானத்தின் நீலம்கூட இருக்கிறது!

வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பாட்டி இப்போதே கேட்கிறார். ஒட்டாத அளவு காய்ந்ததும் கொடுத்துவிடுவேன், அடுப்புப் புகை எட்டாத, வெளிச்சமான சுவரில் மாட்டச் சொல்லி. இருட்டில் கிடந்தால் வண்ணத்திலுள்ள லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) மஞ்சளாகும்.

*

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, கொடைக்கானலிலிருந்து எழுதும் இன்னொருவர் நான். அப்பாவை இப்படித்தான் வரைந்தேன்: ஒரு கன்னத்தில் கணப்பின் ஆரஞ்சு, மறு கன்னத்தில் ஜன்னலின் நீலம். அம்மாவுக்கு அந்த ஆரஞ்சுப் பக்கம்தான் பிடித்தது. நெருப்பு எரியும் அறை என்பதால் டர்பெண்டைனைத் தொடவே இல்லை, வெறும் எண்ணெயில்தான் வேலை. எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.